வாரண்ட்டில் இருபத்தேழாம் இலக்கம்

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஐந்து மாடிப் ப்ளாட் ஒன்றுக்கு நான் கெயார்டேக்கர். தேயிலைத் தோட்டத்தில் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு வந்தவன். தண்ணீர்த் தொட்டி நிரம்பினாலும் பயம், நிரம்பாவிட்டாலும் பயம். அப்படிப்பட்டவனிடம் ஒரு நாள் காலை பத்து மணிக்கு ஓர் இன்ஸ்பெக்டரும் இரண்டு கொன்ஸ்டபிள்களும் சேர்ச் வாரண்ட்டோடு வந்து நின்றார்கள். சிங்களத்தில்தான் பேசினோம், தமிழில் எழுதுகிறேன்.

"இருபத்தேழாம் வீடு எங்கே?"

அந்த இலக்கத்தில்தான் வில்லங்கம். காரணம் இதுதான். மூன்றாம் மாடியில் இருபத்தாறும் இருபத்தேழும் எதிரெதிர் வீடுகள். இருபத்தாறில் இருந்த நடராசா ஐயாவின் மகளுக்கு வந்த சம்பந்தங்கள் எல்லாம் தட்டிப் போயின. "ரெண்டும் ஆறும் எட்டு, தம்பி. எட்டு எங்களுக்குச் சரிவராது" என்றார். எதிர்வீடு அப்போது வெறுமையாக இருந்தது. இரண்டு கதவுகளின் இலக்கப் பலகைகளையும் நான்தான் கழற்றி மாற்றிப் பூட்டினேன். பிறகு அந்த எதிர்வீட்டுக்கு ஓர் இளம் பெடியன் வாடகைக்கு வந்தான். வாடகை ஒப்பந்தத்தில் அது பழையபடி இருபத்தேழுதான்; வாரண்ட் அவன் பேரில், அந்த இலக்கத்துக்கு.

மேலே போனோம். இன்ஸ்பெக்டர் நடராசா ஐயாவின் கதவுக்கு முன்னால் நின்று பெல்லில் கை வைக்கப் போனார். உள்ளே பலகாரம் பொரிக்கும் வாசம். அன்றைக்கு நாலு மணிக்குத்தான் பெண் பார்க்க வருகிறார்கள்.

"சேர், இது இருபத்தேழு இல்லீங்க."

"எனக்கு இலக்கம் வாசிக்கத் தெரியாது என்கிறாயா?"

"போர்டு பிழைங்க. நான்தான் மாத்திப் பூட்டினேன். எட்டு கூடாதுன்னாங்க."

ஒரு கொன்ஸ்டபிள் சிரித்துவிட்டார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "ஆளைத் தப்ப வைக்கப் பார்த்தால் உன்னையும் ஜீப்பில் ஏற்றுவேன்."

சத்தம் கேட்டு நடராசா ஐயா கதவைத் திறந்தார். பொலிசைக் கண்டதும் முகம் வெளுத்துவிட்டது. "ஓம் சேர், நான் கேட்டுத்தான் இவர் மாத்தினவர். பின்னேரம் மாப்பிள்ளை வீட்டார் வருகினம். அந்த நேரம் நீங்கள் வீட்டைக் கிளறிக்கொண்டு நிண்டா என்ர பிள்ளையின்ர கதி?"

"நீதவான் எந்த வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டாரோ அதற்குள் மட்டும்தான் நான் போகலாம். வாய்ப்பேச்சை நம்பிக் கதவை மாற்ற முடியாது" என்றார் இன்ஸ்பெக்டர்.

அப்போதுதான் கீழே இருக்கும் கரண்ட் மீட்டர் அறை ஞாபகம் வந்தது. கட்டிடம் கட்டிய நாளில் எழுதிய இலக்கங்கள். அங்கே யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு கதவிலும் ஒரு கொன்ஸ்டபிளை நிறுத்திவிட்டு என்னோடு கீழே வந்தார். இருபத்தேழு என்று எழுதியிருந்த ட்ரிப் சுவிட்ச்சை இறக்கினேன். மேலே நடராசா ஐயாவின் ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்ததாம். எதிர்வீட்டுப் பெடியன் தானாகவே கதவைத் திறந்து, "அங்கிள், கரண்ட் போயிட்டா?" என்று கேட்டபடி கொன்ஸ்டபிளுக்கு முன்னால் வந்து நின்றானாம்.

நான் நினைத்தது போலக் கதவை உடைக்கவில்லை, யாரையும் அடிக்கவில்லை. வாரண்ட்டைக் காட்டி வாசித்தார்கள். அறை அறையாகப் பார்க்கும்போது பெடியனையும் பக்கத்திலேயே நிற்க வைத்தார்கள். எடுத்த சாமான்களுக்கு லிஸ்ட் எழுதினார்கள்: இரண்டு போன், ஒரு லப்டொப், ஒரு ஃபைல். சாட்சிக் கையெழுத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். வழக்கமாக எங்கே காட்டினாலும் போட்டுவிடுவேன். அன்று, "சேர், ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்க" என்று கேட்டுவிட்டேன். பொறுமையாக வாசித்தார். பெடியனுக்கும் ஒரு பிரதி கொடுத்தார். போகும்போது, "அந்தப் பலகைகளை இப்போதே மாற்று" என்றார்.

மாற்றினேன். மூன்றரை மணிக்குத்தான் உறைத்தது: மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொடுத்த விலாசம் இருபத்தேழு! சட்டையை மாற்றிக்கொண்டு கேற்றடியில் போய் நின்றேன்.

"இருபத்தேழு எந்த மாடி, தம்பி?" என்றார் மாப்பிள்ளையின் தகப்பன்.

"நடராசா ஐயா வீடு இருபத்தாறுங்க. வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன்."

கதவைத் திறந்த நடராசா ஐயா விருந்தாளிகளைப் பார்க்க முன்னம் பலகையைப் பார்த்தார். பிறகு என்னை முறைத்தார். சம்பந்தம் சரிவந்தது. கல்யாணக் கார்டில் இருபத்தாறு என்றே அடித்திருந்தார்கள்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கு இரண்டு விஷயம்தான் உண்டு. கையெழுத்துப் போட முதல் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், கேட்டால் யாரும் அடிப்பதில்லை. கதவில் இருக்கும் இலக்கம் வீட்டுக்காரருக்கு மட்டும் சொந்தமில்லை, தேடி வருகிறவருக்கும் சொந்தம்.

போன மாதம் பதினேழாம் வீட்டுக்காரர் மெதுவாக வந்து, "தம்பி, ஒண்டும் ஏழும் எட்டல்லோ..." என்று தொடங்கினார்.

ஸ்க்ரூ ட்ரைவர் தொலைந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன்.