ஆறுக்கு ஆறு பார்வை

தூசி விழுந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஏற்காட்டில் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேசையில் எனக்கு வேலை. கண்ணுக்கு லேசர் சிகிச்சை செய்துகொண்டு சில மாதங்கள் ஆகியிருந்தன. ஒரு மத்தியானம், தங்க வந்த குடும்பத்துக்குச் சாவி எடுத்துக் கொடுக்கும்போது வலது கண்ணில் சுருக்கென்றது. முகம் கழுவிவிட்டு வந்தேன். போகவில்லை. கூட வேலை பார்க்கும் ஜெயந்தியைக் கூப்பிட்டு இமையைத் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். செல்போன் விளக்கை அடித்து அவள் மேலும் கீழும் தேடினாள்.

"ஒண்ணுமே இல்லீங்கக்கா. கண்ணு பளிச்சுனு இருக்குது."

அதற்குப் பிறகு இதே பதிலைப் பலரும் எனக்குச் சொல்லிவிட்டார்கள். அவர்களில் பாதிப் பேர் டாக்டர்கள்.

லேசர் செய்து, பார்வை நன்றாக வந்தும் கண் வலியோடு இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். செய்துகொள்ளலாமா என்று யோசிப்பவர்களைப் பயமுறுத்த அல்ல. எனக்குத் தெரிந்து செய்துகொண்டவர்கள் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஜெயந்தியின் தம்பியும் அதே ஆஸ்பத்திரியில்தான் செய்துகொண்டான். அவனுக்கு ஒரு குறையும் இல்லை.

நான் நாலாம் வகுப்பிலிருந்து கண்ணாடி போட்டவள். கட்டிக்கொண்டு வந்த ஊர் மலை. இங்கே ஐப்பசி, கார்த்திகையில் கண்ணாடியோடு தெருவில் நடப்பது பெரும்பாடு. துடைத்து மாட்டுவதற்குள் மறுபடி நனைந்துவிடும். கல்யாணத்துக்குக் கான்டாக்ட் லென்ஸ் வாங்கினேன். உறுத்தல் தாங்காமல் மணவறையிலிருந்து எழுந்ததும் கழற்றினேன். அப்போதிருந்தே லேசர் ஆசை.

சேலத்தில் ஒரு தனியார் கண் ஆஸ்பத்திரியில் செய்தார்கள். கார்னியாவில் (கருவிழிக்கு முன்னால் கண்ணாடி போல் இருக்கும் படலம்) மெல்லிய மூடி ஒன்றை வெட்டித் திறந்து, உள்ளே லேசரால் செதுக்கி, மறுபடி மூடிவிடுவார்கள். முடி கருகுவது போல ஒரு வாடை வந்தது. வலியே இல்லை. மறுநாள் பரிசோதனையில் கடைசி வரி எழுத்து வரை படித்தேன். ஆறுக்கு ஆறு என்றார்கள் (ஆறு மீட்டர் தூரத்தில் தெரிய வேண்டியது தெரிகிறது என்று பொருள்).

அந்தச் சந்தோஷத்தை இன்று நான் மறைக்க விரும்பவில்லை. கொஞ்ச நாள் கழித்து என் கணவர் பிரபு என்னையும் மகள் இனியாவையும் பைக்கில் சேர்வராயன் கோயிலுக்குக் கூட்டிப்போனார். சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்து மேட்டின் விளிம்பில் நின்றேன். கீழே, வெகு தூரத்தில், ரோட்டில் ஒரு லாரி ஊர்வது தெரிந்தது.

"ஏனுங்க, அந்த லாரி உங்களுக்குத் தெரியுதுங்களா?"

"எந்த லாரி?"

அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. குழந்தை மாதிரி கைதட்டிச் சிரித்தேன்.

தூசி உறுத்தல் வந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போனேன். லேசருக்குப் பிறகு சில மாதம் கண் வறண்டிருப்பது சகஜம் என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள். வாரங்கள் போயின. உறுத்தல் எரிச்சலானது. எரிச்சல், பச்சை மிளகாய் நறுக்கிய விரலால் கண்ணைத் தேய்த்தது போன்ற வலியானது. மின்விசிறிக் காற்று பட்டால் வலித்தது. கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தால் வலித்தது. பைக்கில் உட்கார முடியவில்லை.

மறுபடி மறுபடி போனேன். கண்ணீர்ச் சோதனை செய்தார்கள் (கீழ் இமைக்குள் சிறு காகிதத்தைச் செருகி, எவ்வளவு தூரம் நனைகிறது என்று பார்ப்பது). கொஞ்சம் குறைவு, ஆனால் மோசமில்லை என்றார்கள். எழுத்தைப் படிக்கச் சொன்னார்கள். படித்தேன். டாக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "உங்க ரிசல்ட் அருமையா வந்திருக்கும்மா. கண்ணைப் பத்தியே யோசிக்காம வேற வேலையைப் பாருங்க" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவருடைய கருவியில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

பிரபு தலைச்சோலைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர் (ஆள் வருகையும் கணக்கும் பார்ப்பவர்). பொறுமையானவர். ஆனால் அவருக்கும் ஒரு நாள் பொறுமை போயிற்று. நான் ஜன்னலையெல்லாம் சாத்தி, விளக்கணைத்து, நனைத்த துணியைக் கண்ணில் போட்டுப் படுத்திருந்தேன். இனியா சாப்பிடாமல் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள்.

"எல்லா டாக்டரும் நல்லாருக்குதுன்றாங்க. நீ மட்டும் வலிக்குதுன்ற. நான் யாரை நம்பறது கோகிலா?"

எதைக் காட்டி நம்ப வைப்பது? கட்டு இல்லை, தழும்பு இல்லை, சிவப்புகூட இல்லை. கண்ணாடியில் பார்த்தால் எனக்கே என் கண்கள் அழகாகத் தெரிந்தன.

லாட்ஜ் வேலையை விட்டேன்.

என் அப்பா அடிவாரத்தில் தனியாக இருந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு தினமும் காலையில் எனக்குப் போன் செய்வார்.

"கண்ணு, கண்ணு இன்னைக்கு எப்பிடி இருக்குது?"

கேட்டுவிட்டு, தான் சொன்னதற்குத் தானே சிரிப்பார். பல நாள் அந்தச் சிரிப்புக்காகத்தான் போனை எடுத்தேன்.

கோயம்புத்தூரில் கார்னியா நோய்களை மட்டும் பார்க்கும் பெண் டாக்டர் ஒருவர் இருப்பதாக அப்பாதான் யாரிடமோ விசாரித்துச் சொன்னார். பிரபுவுக்கு லீவு கிடைக்கவில்லை. அப்பாவே கூட்டிப்போனார். பஸ் ஜன்னல் கதவைச் சாத்திவிட்டு, அப்படியும் காற்று வராமல் இருக்கத் தன் துண்டைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

அந்த டாக்டர் எழுத்தைப் படிக்கச் சொல்லவில்லை. முதலில் பேசச் சொன்னார். லேசருக்கு முன்னால் கான்டாக்ட் லென்ஸ் ஒத்துக்கொண்டதா என்று கேட்டார். இல்லைங்க என்றேன். தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டார். பிறகு கண்ணை மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தை இரண்டு கண்ணிலும் விட்டு, கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

"இப்போ எப்படி இருக்கு?"

"கொஞ்சம் கொறஞ்சிருக்குதுங்க. போகலீங்க."

அப்போதுதான் அவர் விளக்கினார். மூடி வெட்டும்போது கார்னியாவின் நுண்ணிய நரம்புகளும் வெட்டுப்படும். பெரும்பாலானவர்களுக்கு அவை சரியாக வளர்ந்துவிடும். சிலருக்குத் தாறுமாறாக வளரும். அந்த நரம்புகள் சும்மா இருக்கும்போதே மூளைக்கு வலி என்று தகவல் அனுப்பும். நாளடைவில் மூளையும் அதற்குப் பழகிவிடும். மரத்துப்போகச் செய்யும் மருந்து விட்ட பிறகும் வலி மிச்சமிருந்தால், வலி கண்ணின் மேற்பரப்பில் மட்டும் இல்லை என்று அர்த்தம். இதற்குக் கார்னியா நரம்பு வலி என்று பெயர்.

"உங்க வலி பொய் இல்லைம்மா. எழுத்துப் படிக்கிற சோதனையில வலி தெரியாது, அவ்வளவுதான். முழுசா போகும்னு நான் சொல்ல மாட்டேன். குறைக்கலாம்."

வெளியே வந்ததும் அப்பா தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எதிரில் இருந்தவர்கள் எனக்குப் பார்வை போய்விட்டது என்று நினைத்திருப்பார்கள்.

"அழுவாதீங்கப்பா. பேரு தெரிஞ்சுதுல்ல."

"நானும் ஒரு நாளு ரெண்டு நாளு சந்தேகப்பட்டேன் சாமி. புள்ளைக்கு மனசுல என்னமோன்னு நெனச்சேன். அவங்க சொல்லித்தான் எனக்கே நம்பிக்கை வந்துச்சு."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோபம் வரவில்லை. நம்பாத நாளிலும் அவர் போன் செய்யாமல் இருந்ததில்லை.

நரம்பு வலிக்கான மாத்திரை தொடங்கினேன். காற்று புகாத கண்ணாடி ஒன்று வாங்கினேன், நீச்சல்காரர்கள் போடுவது போல ஓரமெல்லாம் மூடியிருக்கும். கூடவே சீரம் சொட்டு (நம் ரத்தத்தையே எடுத்து, சுழற்றிப் பிரித்த தெளிந்த நீரில் செய்யும் மருந்து). அதைக் குளிரிலேயே வைத்திருக்க வேண்டும். சேலத்தில் ரத்தம் கொடுத்துவிட்டு நான் மேலே வந்துவிடுவேன். மருந்து தயாரானதும் அப்பா அதை ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்து, பழகிய பஸ்ஸில் ஏறி, கொண்டை ஊசி வளைவெல்லாம் மடியில் அணைத்தபடி கொண்டு வருவார். வந்ததும் குளிர்பெட்டியில் குப்பிகளை அவரே அடுக்குவார். ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் இறங்கிவிடுவார்.

சில மாதங்களில் வலி கொஞ்சம் இளகியது. மூடுபனி இறங்கிய நாட்களில் வெளியே நின்று கண்ணை முழுதாகத் திறக்க முடிந்தது. தை, மாசிக் காற்றில் பழையபடி ஆயிற்று. இந்த நோயில் நேர்கோடாக ஏறும் குணம் என்று எதுவும் இல்லை. ஒரு மோசமான வாரம் வந்ததும் எல்லாம் போயிற்று என்று நினைத்துவிடாதீர்கள்.

அந்த வருடம் பங்குனியில் ஒரு நாள் காலை அப்பாவின் போன் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்தான் கூப்பிட்டார். நெஞ்சு வலி என்று சொல்லி உட்கார்ந்தவர், ஆஸ்பத்திரி போவதற்குள் போய்விட்டார்.

அடிவாரத்தில் வெயில் கொதித்தது. பந்தலுக்குள் சாம்பிராணிப் புகை. அப்பாவின் கால்மாட்டில், ஓரம் மூடிய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். வந்தவர்கள் அப்பாவைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். அழுகை வந்தது. என் கண்ணீர் எனக்கு ஒத்துக்கொள்ளாது. அதில் உள்ள உப்பே சுடும். கண்ணாடிக்குள் அது தேங்கிச் சுட்டதும் தாங்க முடியாமல் கழற்றி, பையிலிருந்த ஐஸ் பிளாஸ்கைத் திறந்து சீரம் குப்பியை எடுத்து ஒவ்வொரு சொட்டு விட்டேன்.

பின்னாலிருந்து அத்தை, அப்பாவின் தங்கை, யாரிடமோ சொன்னது கேட்டது.

"பெத்த அப்பனுக்கு அழுவறதுக்குக்கூட மருந்து ஊத்திக்கறா பாரு."

குப்பி கையிலேயே இருந்தது. மூடியைத் திருகக்கூட முடியவில்லை.

பிரபு ஆண்கள் பக்கத்திலிருந்து எழுந்து வந்தார். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவர்.

"சின்னம்மா, அவளுக்கு அழுதா கண்ணு நெருப்பா எரியுமுங்க. எரியுதுன்னு தெரிஞ்சேதான் அழுவறா. அந்த மருந்தை மாமாதான் மாசாமாசம் சொமந்துட்டு வந்தாரு. ஒண்ணும் சொல்லாதீங்க."

அவர் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, குப்பியை வாங்கி மூடினார். பிறகு சாம்பிராணித் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொன்னார். என்னை எப்போது நம்பத் தொடங்கினார் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. அத்தை மூன்றாம் நாள் வந்து என் முதுகைத் தடவிவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்து குளிர்பெட்டியைத் திறந்தேன். அப்பா அடுக்கிய குப்பிகள் இருந்தன. மருந்து பாழாகிவிடக் கூடாது. ஒவ்வொன்றாக எடுத்து விட்டுக்கொண்டேன். நடுவில் சேலத்தில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். கடைசிக் குப்பி தீர்ந்த அன்று பிரபு லீவு போட்டு, பிளாஸ்கோடு சேலத்துக்குப் போனார்.

இப்போது எப்படி இருக்கிறேன் என்று கேட்பீர்கள். பாதி குறைந்திருக்கிறது என்று டாக்டரிடம் சொல்கிறேன். பாதி என்பதை எப்படி அளப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இனியாவுக்குத் தலை சீவி விடுகிறேன். வீட்டிலிருந்தே லாட்ஜுக்குப் போனில் அறைப் பதிவு எடுக்கிறேன். பேசும்போது கண்ணை மூடிக்கொள்வேன். எதிர்முனையில் இருப்பவர்களுக்கு அது தெரியாது. எழுத்துகள் இன்றும் கடைசி வரி வரை தெரிகின்றன.

முன்பெல்லாம் கண் எனக்குப் பார்ப்பதற்கான ஒன்று. அது தோலும் நரம்புமாக இருக்கிறது, காற்று பட்டால் நோகிறது என்பதையே அறியாமல் இருந்தேன். பல்லோ காலோ இருப்பது போல உடம்பில் கண் இருக்கிறது என்று இப்போது எந்நேரமும் தெரிகிறது. நாளும் மாறிவிட்டது. கடிகாரத்தைவிட, ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவில் இருப்பதுதான் எனக்கு நேரம்.

காலையில் விழிப்பு வந்தவுடன் நான் கண்ணைத் திறப்பதில்லை. வறண்ட கண்ணில் இமை ஒட்டியிருக்கும், சட்டென்று திறந்தால் உரிந்து வருவது போல வலிக்கும். தலைமாட்டில் ஐஸ் பிளாஸ்கைத் தடவிக் குப்பியை எடுத்து, மூடிய இமையின் ஓரத்தில் சொட்டு விட்டுவிட்டு அசையாமல் படுத்திருப்பேன். மருந்து உள்ளே இறங்க வேண்டும். பால்காரரின் வண்டி நிற்கும். சமையலறையில் பிரபு பாத்திரத்தை உருட்டுவார். இனியா எதையோ காணோம் என்று தேடுவாள்.

அந்தக் கொஞ்ச நேரம் கண்ணில் வலி இருக்காது. சில நாள், அப்பா இல்லை என்பதும் இன்னும் நினைவுக்கு வந்திருக்காது.

பிறகு விரலால் இமையை மெல்லத் தூக்கி, ஒரு கண்ணைத் திறக்கிறேன். அப்புறம் இன்னொன்று.