எஸ்தரின் நூலகமும் ஆல்வாவின் எதிர்ப்பும்

அமெரிக்காவின் வெர்மான்ட் மலைக்காரர்களுக்குப் புத்தகத்தின் மேல் எவ்வளவு ஆசையோ, காசை இறுக்கிப் பிடிப்பதிலும் அவ்வளவு ஆசை. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவள் எஸ்தர் கோல்பர்ன். கார்வர் ஹாலோ என்ற சின்ன ஊரின் நூலகத்தை அவள்தான் பார்த்துக்கொண்டாள். இரண்டே அறை. பனி மூடிவிட்டால் புத்தகங்களைச் சறுக்குவண்டியில் ஏற்றி வீடு வீடாக இழுத்துக்கொண்டு போவாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "எனக்கு நேரமில்ல, நீ எடுத்துட்டுப் போன புத்தகம் எங்க?" என்பாள்.

அவளுடைய தாத்தா காலத்தில் மாநில அரசு ஒரு பெட்டி புத்தகம் கொடுத்து ஆரம்பித்து வைத்த நூலகம் அது. அதன் பிறகு ஊர்தான் சோறு போட வேண்டும். மார்ச் மாதம் நடக்கும் ஊர்க்கூட்டத்தில் வாக்கெடுத்து, சரி என்றால் அந்த வருஷம் நூலகம் உண்டு. வேண்டாம் என்றால் கதவைப் பூட்டிச் சாவியை ஒப்படைக்க வேண்டியதுதான்.

வேண்டாம் என்று சொல்ல ஒருவர் எப்போதும் தயாராக இருந்தார். ஆல்வா டட்டன், மாட்டுப் பண்ணைக்காரர். பாலம் கட்டவா, வேண்டாம். சாலையில் பனி அள்ளப் புது வண்டியா, வேண்டாம். நூலகமா, அதைக் கொஞ்சம் உரக்கவே சொல்வார். எஸ்தருக்கு அவரைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

ஊர்க்கூட்டம் நடப்பது மாடியில். மதியச் சாப்பாடு கீழே. சமைப்பதும் பரிமாறுவதும் பெண்கள் வேலை. நூலகத்தை ஆதரிப்பவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான். சாப்பாடு முடிந்து பெண்களும் மாடிக்கு வந்த பிறகுதான் நூலகப் பேச்சு வரும் என்பது வழக்கம். அதனால் யாரும் கவலைப்பட்டதில்லை.

அந்த வருஷம் சாலை மேற்பார்வையாளர் வரும் வழியில் அவருடைய வண்டி சேற்றில் அச்சுவரை இறங்கிவிட்டது. அவர் இல்லாமல் சாலைக் கணக்கைப் பேச முடியாது. கூட்டத் தலைவர் கிளேட்டன் நல்ல மனிதர், பசி மட்டும் தாங்க மாட்டார். சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று நூலகத்தை முன்னால் இழுத்துப் போட்டு வாக்கெடுத்துவிட்டார். முடிவு என்று அவர் மேசையில் சுத்தியல் தட்டும் சத்தம் கீழே கேட்டது.

"என்ன தட்டிட்டாங்க?" என்றாள் எஸ்தர், அவரைக்கொட்டை வேகும் பானையில் கரண்டியோடு.

கூடச் சமைத்துக்கொண்டிருந்த மேபல் படியேறி எட்டிப் பார்த்துவிட்டு வெளிறிப்போய் இறங்கினாள். "ஏய் எஸ்தர், நம்ம நூலகம் போச்சுடி. தோத்துட்டோம்."

எஸ்தர் கரண்டியைக்கூட வைக்காமல் ஓடினாள். மாடியில் கிளேட்டன் நெளிந்துகொண்டிருந்தார். "நான் என்ன பண்ணட்டும் எஸ்தர்? வாக்கு வாக்குதான். ஜெயிச்ச பக்கத்துல யாராவது ஒருத்தர் மறுபடி எடுக்கணும்னு கேட்டாத்தான் எடுக்கலாம். அதுவும் இப்பவே கேக்கணும். அடுத்த விஷயத்துக்குப் போயிட்டா முடிஞ்சுது."

ஜெயித்த பக்கம் என்றால் வேண்டாம் என்று சொன்னவர்கள். அவர்கள் குனிந்து தங்கள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எஸ்தர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கிளேட்டன் அடுத்த விஷயத்துக்காகக் காகிதத்தைப் புரட்டினார்.

ஆல்வா எழுந்தார். "நான் வேண்டாம்னு சொன்னவன். மறுபடி எடுங்க."

"என்னது?"

"உனக்குக் காது அடைச்சுப்போச்சா கிளேட்டன்? நமக்குச் சோறாக்கப் போனவங்க முதுகுக்குப் பின்னால ஜெயிச்சா அது ஒரு ஜெயமா? எனக்கு அப்படி ஒரு ஜெயம் வேண்டாம்." சொல்லிவிட்டு, கீழே கேட்கும்படி பூட்ஸ் காலால் தரையை ஓங்கி மிதித்தார். கீழே இருந்த பெண்கள் மாவுக் கையோடு திமுதிமுவென்று ஏறி வந்தார்கள்.

மறுபடி வாக்கெடுத்தார்கள். சரி என்ற குரலில் ஜன்னல் அதிர்ந்தது. எதிர்ப்பு உண்டா என்று கிளேட்டன் கேட்டார். "வேண்டாம்," என்றார் ஆல்வா, முன்னைவிட உரக்க.

சாப்பாட்டில் எஸ்தர் அவருக்கு ஆப்பிள் வைத்துச் சுட்ட பலகாரத்தில் பெரிய துண்டாக வைத்தாள். "நன்றி, ஆல்வா."

"எதுக்கு? நான் எதிராத்தானே சொன்னேன்."

"எங்கள வரவிட்டுச் சொன்னீங்களே."

"அதுக்கெல்லாமா நன்றி சொல்வாங்க," என்று முனகிவிட்டு, அந்த ஊர் வழக்கப்படி சீஸ் இல்லாமல் அதை எப்படித் தின்பது என்று கேட்டார்.

அதற்கப்புறம் பல வருஷம் எஸ்தர் நூலகம் நடத்தினாள். அங்கே படித்து வளர்ந்த பெண்களில் ஒருத்தி பக்கத்து நகரத்தில் பத்திரிகையே அச்சிட்டாள். எல்லாரும் எஸ்தருக்கு நன்றி சொன்னார்கள். அவள் மனத்தில் நன்றி சொன்னது ஒரே ஆளுக்கு. ஆல்வா கடைசிவரை நூலக வாசலை மிதிக்கவில்லை, கடைசிவரை வேண்டாம் என்றார். அந்த 'வேண்டாம்' காதில் விழுந்தால்தான் அவளுக்குக் கூட்டம் நேர்மையாக நடந்ததுபோல இருந்தது.

அவர் இறந்த பிறகு வந்த கூட்டத்தில் எல்லாரும் சரி என்றார்கள். "எதிர்ப்பு?" என்று கேட்ட கிளேட்டன், பழக்கத்தில் கொஞ்சம் காத்திருந்தார். யாரும் வாய் திறக்கவில்லை. நூலகம் ஏகமனதாக ஜெயித்தது. எஸ்தர் உட்கார்ந்த இடத்திலேயே தேம்பித் தேம்பி அழுதாள்.