நகர்ந்து வந்த புரோமின்

கோவில்பதாகையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு கிணறு. அதன் சொந்தக்கார அக்கா மாடு வைத்திருக்கிறார். பக்கத்துக் கிடங்கிலிருந்து பழைய பூச்சிமருந்து கசிந்து கிணற்றில் இறங்கிவிட்டது. புரோமின் சேர்ந்த மருந்து. அந்தத் தண்ணீரைச் சோதிக்கும் வேலை, நான் இருக்கும் அம்பத்தூர் ஆய்வகத்துக்கு வந்தது.

புரோமின் அணுக்களில் லேசானது, கனமானது என்று இரண்டு வகை, ஏறக்குறைய சரிபாதி. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் மருந்தைச் சிதைத்தால் லேசானது கொஞ்சம் முந்திக்கொண்டு போகும், மிச்சத்தில் கனமானதன் பங்கு கூடும். மிக நுண்ணிய வித்தியாசம். அதைப் பிடிக்க, ஜன்னல் இல்லாத அறையில் கருவியை விட்டு நகர முடியாமல் உட்கார்ந்திருப்பேன்.

தண்ணீர் எடுக்கப் போனபோது அக்கா கேட்டார்: "இன்னாம்மா, மருந்து கொறஞ்சிகினே வருதாமே? மாட்டுக்குத் தண்ணி காட்டலாமா?"

"கொஞ்சம் பொறுங்கக்கா."

அளவு குறைந்தது உண்மைதான். ஆனால் விகிதம் அசையவே இல்லை. கருவியில்தான் கோளாறு என்று நம்பி மறுபடி மறுபடி ஓட்டினேன். மேலதிகாரி பார்த்துவிட்டுச் சொன்னார்: "கருவி நல்லாத்தான் இருக்கு. மருந்து சிதையலை. வேற எங்கேயோ போய்ட்டிருக்கு."

அந்தப் பக்கம் நிலத்தடி நீர் ஓடுவது எங்கள் தெருவை நோக்கி. அன்றைக்கே எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றின் போர் தண்ணீரைப் பிடித்துவந்து மறுநாள் ஓட்டினேன். திரையில் அதே மருந்து, அதே விகிதம். வெளியே ஓடிவந்து கணவரை அழைத்தேன். அவர் வேலை பார்க்கும் ஆவடி தொழிற்சாலைக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள் என்பது அவசரத்தில் மறந்துபோனது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. மாமியாரை அழைத்தேன்.

"அத்தை, போர் தண்ணியத் தொடாதீங்க."

"சாம்பாரே அதுலதானேம்மா கொதிக்குது?"

குடிக்கத்தான் கேன் தண்ணீர். சமையல், குளியல் எல்லாம் போர் தண்ணீரில்தான், வீடு கட்டிய நாளிலிருந்து.

சாயங்காலம் அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மாட்டுத் தொட்டியைக் கவிழ்த்துவிட்டு என்னையே பார்த்தார். "அப்போ நீயும் மாட்டிக்கினியா?" என்றவர், கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

அறிக்கை அரசுக்குப் போனது. இப்போது இரண்டு தெருவுக்கும் தண்ணீர் லாரி வருகிறது. அது வராத நாட்களில் மறுபடி போர்தான்.

"வீட்டை வித்துட்டுப் போயிடலாம்" என்றார் கணவர்.

"வாங்கறவங்ககிட்ட என்ன சொல்வீங்க?"

அந்தப் பேச்சு அதன்பின் எழவில்லை. லாரி வராத நாளில் மகள் குளிக்கும்போது உதடுகளை இறுக மூடிக்கொள்கிறாள். நான்தான் பழக்கினேன்.