கதவில் ஒட்டியதாக எழுதியவன்

முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ, நாலரை மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். மூளைக்குப் போகும் இரத்தக் குழாயை அடைத்த கட்டியைக் கரைக்கும் ஊசியை அதற்குள்தான் போடுவார்கள். இது எனக்குத் தெரிந்த விதி. ஓய்வூதியர் கூட்டம் ஒன்றில் இதைப் பற்றி நானே பேசியிருக்கிறேன். கைதட்டினார்கள்.

நான் மருத்துவமனைக்குப் போனது ஒன்பதாவது மணி நேரத்தில்.

காலை ஆறரைக்குக் குளியலறையில் நின்று துண்டு கேட்க வாயைத் திறந்தேன். சொல் வரவில்லை. பொருள் தெரிகிறது, அதன் நிறம் தெரிகிறது, பெயர் மட்டும் இல்லை. வலது கை சோப்பை நழுவவிட்டது. என்ன நடக்கிறது என்று அப்போதே எனக்குத் தெரியும். ஆனாலும் ஈரத்தோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாளை விரித்துக்கொண்டேன். வருவாய்த் துறையில் இருந்த காலமெல்லாம் என் மேசைக்கு முன்னால் நின்று திணறியவர்களைப் பார்த்தவன் நான். நான் திணறுவதை என் மனைவி சரோஜா பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். அவள் கேட்டதற்கெல்லாம் தலையாட்டினேன். மதியம் வரை அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. வீட்டில் நான் வழக்கமாகவே அவ்வளவுதான் பேசுவேன்.

மூன்று மணிக்குக் காப்பித் தம்ளர் கையிலிருந்து விழுந்தது. பக்கத்து வீட்டுக்காரர் காரில் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோனார்கள். சி.டி. ஸ்கேன் (தலையை அடுக்கடுக்காகப் படமெடுப்பது) எடுத்த பிறகு, எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று மருத்துவர் கேட்டார். இப்போதுதான், அரை மணி நேரம் இருக்கும் என்றாள் சரோஜா. நான் இடது கையை நீட்டிச் சுவர்க் கடிகாரத்தின் ஆறைக் காட்டினேன். சாயங்காலம் ஆறா என்று மருத்துவர் விழித்தார். சரோஜாவுக்குப் புரிந்துவிட்டது.

"காலையில இருந்தா? ஏங்க சொல்லல?"

இதைப் படிப்பவர்களில் யாருக்காவது காலையில் ஒரு சொல் தொலைந்தால், அதை மறைக்க வேண்டாம். எனக்குச் சொல்ல வேறு அறிவுரை இல்லை.

மூளையின் இடப்பக்கத்தில் அடைப்பு. அதனால் வலது கையும் காலும் தளர்ந்தன. கூடவே அஃபேசியா (பேச்சிழப்பு, சொல்ல வேண்டியது உள்ளே இருக்கும், சொல் வெளியே வராது). சிலருக்கு எழுத்தும் சேர்ந்து போய்விடும். எனக்குப் பாதி மிஞ்சியது. வாயில் தடையில்லாமல் வந்த ஒரே சொல் "சரி". எதைச் சொல்லப் போனாலும் "சரி, சரி" என்றுதான் வரும். பணியில் இருந்தபோது நான் அதிகம் சொல்லாத சொல் அது.

பேச்சுப் பயிற்சி தரும் பெண் படச் சீட்டுகளோடு வந்தாள். குடை, ஆப்பிள், ஒட்டகம். ஒட்டகத்தின் பெயரைச் சொல்ல வேண்டிய நிலை எனக்கு வாழ்நாளில் வந்ததில்லை. நான் முகம் சுளித்ததைப் பார்த்துவிட்டு, சிலருக்குச் சின்ன வயதில் பழகிய இடங்களின் படங்களைக் காட்டினால் சொற்கள் எளிதாக வரலாம் என்றாள். "சார் வளர்ந்த தெரு போட்டோ எதாவது இருந்தா கொண்டாங்கம்மா."

அன்று வீட்டில் சரோஜா ஆல்பங்களை எல்லாம் இறக்கினாள். எல்லாம் கல்யாணத்தில்தான் தொடங்கின.

"இத்தன வருசத்துல உங்க தெரு போட்டோ ஒண்ணுகூட நான் பாத்ததில்லயே" என்றாள்.

இல்லாதபடி பார்த்துக்கொண்டவன் நான். மாமல்லபுரத்துக்கும் நெம்மேலிக்கும் நடுவே கடலை ஒட்டிய ஒரு குப்பத்தில் பிறந்தேன். மணல் தெரு, இருபக்கமும் சேர்த்துப் பத்தொன்பது வீடுகள். அங்கே என் பட்டப்பெயர் நண்டு. அப்பா கடலுக்குப் போனார், அம்மாவும் தனம் அக்காவும் மீன் விற்றார்கள். செங்கல்பட்டு விடுதியில் தங்கிப் படித்து, தேர்வெழுதி, வேலைக்கு வந்தேன். அலுவலகத்தில் கேட்டால் "மகாபலிபுரம் பக்கம்" என்பேன். எந்தப் பக்கம் என்று யாரும் கேட்க நான் இடம் கொடுத்ததில்லை.

ஆனால் அந்தத் தெருவுக்குப் படங்கள் உண்டு. எடுக்கச் சொன்னவனே நான்தான்.

அந்த இடம் அரசுப் புறம்போக்கு என்று அகற்றல் நடவடிக்கை தொடங்கியபோது, அந்தப் பகுதியின் வருவாய் ஆய்வாளராக இருந்தேன். ஒவ்வொரு வீட்டுக்காரரிடமும் நோட்டீசைக் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். ஆள் இல்லை என்றால் சாட்சிகள் முன்னால் கதவில் ஒட்ட வேண்டும். பதில் சொல்ல அவகாசம் தர வேண்டும். நான் அந்தத் தெருவுக்குள் போகவே இல்லை. மேசையில் உட்கார்ந்தபடி பத்தொன்பது நோட்டீசிலும் "கதவில் ஒட்டிச் சார்வு செய்யப்பட்டது" (சேர்ப்பிக்கப்பட்டது என்று பொருள்) என்று எழுதிக் கையெழுத்திட்டேன். எனக்கு வேண்டிய இரண்டு பேர் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டார்கள். வீடுகளை இடிக்க இயந்திரம் வந்த அன்று காலை, விதிப்படி, கோப்புக்காக ஒரு புகைப்படக்காரரை அனுப்பினேன். நான் தார்ச்சாலையில் ஜீப்பிலேயே இருந்தேன்.

அந்தக் கோப்பில் படங்கள் இருப்பதை இடது கையால் கிறுக்கிச் சரோஜாவுக்குத் தெரிவித்தேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதிக் கோப்பின் நகல் கேட்டோம். நான் இடது கையால் சட்டப் பிரிவைக் காட்ட, சரோஜா எழுதினாள். ஒன்பது படங்களும் நோட்டீசு நகல்களும் வந்தன. முதல் படத்திலேயே என் வாய் திறந்தது. "மணல்" என்றேன். சரோஜா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். அவள் அழுவதை நான் பார்க்கக் கூடாதாம்.

வீடுகளின் பெயர்கள் மட்டும் வரவில்லை. எது யாருடையது என்று சொல்ல இப்போது உயிரோடு இருப்பவள், எனக்குத் தெரிந்து, தனம் அக்கா ஒருத்திதான். அந்த அகற்றலுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசியதில்லை. நிலத் தகராறு என்று சரோஜாவிடம் சொல்லி வைத்திருந்தேன். அக்கா இப்போது மறைமலைநகரில், தொழிற்சாலைப் பேருந்து ஓட்டும் மகன் குமாரோடு இருக்கிறாள். போனோம்.

அங்கேதான் என் புத்தி தெரிந்தது. படங்களை மட்டும் எடுத்துப் போயிருக்கலாம். கோப்பிலிருந்து இணைப்பைப் பிரிக்கக் கூடாது என்று பழகிய கை, நோட்டீசு நகல்களோடு மொத்தக் கட்டையும் அப்படியே கொண்டுபோனது.

கால் இழுத்து நடந்து வந்த என்னைப் பார்த்துக் குமார் நாற்காலி போட்டான். "எம்மா, யாரு வந்துகீறாங்க பாரு. ஆபீசரு மாமா."

அக்கா உள்ளே இருந்தாள். "இன்னாவாம்? இந்த வூட்டயும் அளக்கணுமாமா?"

என் நிலைமையைச் சரோஜா சொன்னாள். அதன் பிறகுதான் அக்கா வெளியே வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் படங்களை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஐந்தாவதில் கை நின்றது. அதற்குள் குமார் அடியில் இருந்த தாள்களைப் புரட்டி, ஒன்றை உரக்கப் படித்தான். அது அக்கா பெயருக்கான நோட்டீசு. கதவில் ஒட்டிச் சார்வு செய்யப்பட்டது. கீழே என் கையெழுத்து.

அக்கா படத்தை என் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். வாசலில் ஒரு பழைய வலை தொங்கியது.

"எங்கடா கதவு? அந்தத் தெருவுல எவன் வூட்ல கதவு இருந்துச்சு? நீ பொறந்த வூடுதான இது?"

நான் பதில் சொல்ல முயன்றேன். "சரி, சரி" என்று வந்தது.

"இன்னா சரி? நான் மீன் வித்துட்டு வர சொல்லோ வூடு தரமட்டமாக் கெடக்குது. ஊட்டுக்காரர கடலு கொண்டுபோனப்புறம் அவரு போட்டோ ஒண்ணுதான் என்கிட்ட இருந்துச்சு. அது மண்ணோட போச்சு. இப்ப உனுக்குப் போட்டோ பாத்துப் பேச்சு வரணுமா?"

"சரி" என்றேன் மறுபடியும். கூசிப்போய் உட்கார்ந்திருந்தேன். சரோஜா என்னைப் பொய்ப் பதிவுள்ள ஒரு கோப்பைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அக்கா ஒன்பது படங்களையும் தன்னிடமே வைத்துக்கொண்டு, எங்களைப் போகச் சொன்னாள்.

திரும்பி வரும் வழியில் சரோஜா ஒன்றே ஒன்று கேட்டாள். தெருவுக்குள் போக என்ன தடை என்று. அதற்கு என்னிடம் பதில் இருந்தது, சொல்லத்தான் முடியவில்லை. சொல்ல முடிந்த காலத்திலும் சொன்னதில்லை.

எழுதினேன். இடது கைக்கு ஒரு வரி ஒரு காலை. முன்பு ஒரு காலையில் ஐம்பது கோப்புகளில் கையெழுத்திடுவேன். படிக்காமல்தான். இப்போது ஒவ்வோர் எழுத்தையும் தேடிப் போய்க் கூட்டிவர வேண்டியிருந்தது. எழுதாத நேரத்தில் வலது கை மடியில் கிடந்தது, இடமாறுதலில் வந்து இன்னும் பொறுப்பேற்காத ஊழியன்போல. மூன்று வாரத்தில் முடிந்த கடிதம் இவ்வளவுதான்:

"அக்கா, நோட்டீசை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. எங்கும் ஒட்டவில்லை. பொய்யாக எழுதினேன். தெருவுக்குள் வந்தால் என் ஊழியர்கள் எதிரில் யாராவது என்னை நண்டு என்று கூப்பிடுவார்கள் என்று வெட்கப்பட்டேன். மேலிடத்தில் இருந்து யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. மாமாவின் படம் போனதற்கு நான்தான் காரணம்."

விளக்கம் எதுவும் சேர்க்கவில்லை. விளக்கம் எழுதத் தெரிந்தவன்தான்.

பதில் வரவில்லை. பயிற்சிக்குப் போய்வந்தேன். துண்டு வந்தது, சரோஜா வந்தது, பக்கத்து வீட்டுக்காரர் பெயர் வந்தது. காலுக்கு இப்போது தரை எங்கே இருக்கிறது என்று தெரிகிறது. நாள் என்பது சிறியதாகிவிட்டது. அதற்குள் ஒரு வேலைதான் வைக்க முடிகிறது.

பிறகு குமாரின் கைப்பேசியிலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. அக்காவின் குரல். படங்களைக் கையில் வைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்திச் சொல்லியிருந்தாள். இது மாணிக்கம் வூடு. இது கன்னியம்மா வூடு, அவ பொண்ணுதான் உன்னக் கல்லால அடிச்சது. இது தெருக்கோடி, உப்பு காயப்போடற எடம். பத்தொன்பது வீடுகளையும் சொல்லி முடித்தாள். பேருந்து ஒன்று போகும் சத்தம் கேட்டது.

"எனுக்கு எழுதிகீற, சரி. மத்த பதினெட்டு வூட்டுக்கு எப்பத்தான் எழுதப் போற? யாரு யாரு எங்க கீறாங்கன்னு குமாரு கேட்டு வச்சுகீறான். ஒவ்வொருத்தருக்கும் எழுது. அதுக்கப்புறம் வூட்டுக்கு வா, பாக்கலாம்."

இதை எழுதும்போது நான்காவது கடிதத்தில், இரண்டாம் வரியில் இருக்கிறேன். மாணிக்கம் இறந்துவிட்டார், அவர் மகளுக்கு எழுதினேன். யாரும் இன்னும் பதில் போடவில்லை. போட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.