வார்னிஷ் மாப்பிள்ளை

என் தங்கை வீட்டுக்காரரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. அவருடைய பாய்மரப் படகு வருடக்கணக்கில் குடியிருந்தது என்னுடைய பட்டறையில்தான். பள்ளிக்கூடத்தில் நான் அதிக நாள் தங்கியவன் இல்லை. வெறுங்கையோடு கடலோரத்துக்கு வந்து, ஒரு தகரக் கொட்டகையில் தொடங்கி, இன்றைக்குச் சொந்தக் கிரேன் வைத்துப் படகு தூக்குகிறேன். துறைமுகத்தில் யாரை நிறுத்திக் கேட்டாலும் என்னைத் தெரியும். அவரைக் கேட்டால், "யாரு, வார்னிஷ் மாப்பிள்ளையா?" என்பார்கள். இரண்டு பேருமே உழைத்துச் சம்பாதித்த பெயர்தான்.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். தூசியைக் கண்டால் கை சும்மா இருக்காது. புதுக் கண்ணாடி வாங்க வந்தவரின் பழைய கண்ணாடியை அவர் துடைத்துக் கொடுத்த அழகில், இதுவே போதுமென்று போனவர்கள் உண்டு. வியாபாரம் அப்படி. கடையை மகனிடம் தள்ளிவிட்டு, இனிமேல் படகிலேயே குடும்பம், துறைமுகம் துறைமுகமாகப் பயணம் என்று அறிவித்தார். அதற்கு முன் பாய் ஏற்றிய அனுபவம் உண்டா என்றால், கொடியில் துணி காயப்போட்ட அனுபவம்கூட இல்லை. அதையும் என் தங்கைதான் செய்வாள்.

படகு வைத்திருப்பது யானை வைத்திருப்பது போல. யானையாவது பட்டினி போட்டால் பிளிறும். படகு வாயைத் திறக்காது, ஓட்டையைத்தான் திறக்கும். அடியில் ஒட்டும் சிப்பியைச் சுரண்டி வருடாவருடம் பெயின்ட் அடிக்க வேண்டும். பாய்மரத்தைப் பிடித்திருக்கும் கம்பிகளில் இழை விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். என்ஜினுக்கு எண்ணெய் மாற்ற வேண்டும். மாப்பிள்ளை இதில் எதையும் மறுத்ததில்லை. செய்ததும் இல்லை. அவர் கவனமெல்லாம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில்: கைப்பிடி, கதவு, அறைக்குள் தரைப்பலகை. உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார், வார்னிஷ் அடிப்பார், காய்ந்ததும் திருப்தியில்லாமல் மறுபடி தேய்ப்பார். பருவம் வரும், மற்றவர்கள் படகெல்லாம் கடலுக்குப் போகும். இவர் மட்டும், "இன்னும் ஒரு கோட்டிங் மச்சான்," என்பார். இப்படியே எத்தனையோ பருவம் போனது. கடலே படாமல் அத்தனை பளபளப்பாக இருந்த படகு என் பட்டறையில் வேறு இல்லை. கடல் படாததுதான் காரணம் என்பதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதாவது, வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் சொல்லவில்லை.

என் தங்கை அதிகம் பேசமாட்டாள். இந்த வருடம் படகு எப்போது மிதக்கும் என்று கேட்டிருக்கிறாள். அடுத்த மாதம் என்று இவர் வழக்கம்போல் சொல்லியிருக்கிறார். வழக்கமில்லாதபடி அவள் அதை நம்பி, வீட்டை வாடகைக்கு விட்டு, சாவியையும் கொடுத்துவிட்டாள். என் வீட்டு மாடியறை காலியாகத்தான் இருந்தது. அண்ணன் வீட்டில் ஒண்டியிருக்கிற வயதெல்லாம் தாண்டிவிட்டது என்று அதையும் வேண்டாமென்றாள். ஆக, படகு மிதந்தால் அவளுக்கு வீடு, மிதக்காவிட்டால் தெரு.

இறக்குகிற நாளில் பெட்டியும் பாத்திரமுமாக அவள் வந்து நின்றாள்.

என் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு; நான் போட்டது, அதனால் உருப்படியானது. படகைத் தண்ணீரில் இறக்கியதும் கிரேன் பட்டையைக் கழற்ற மாட்டோம். படகு பட்டையிலேயே தொங்கும். சொந்தக்காரர் உள்ளே இறங்கி, தரைப்பலகையைத் தூக்கி, அடிப்பள்ளத்தையும் ஒவ்வொரு வால்வையும் தொட்டுப் பார்த்து, காய்ந்திருக்கிறது என்று குரல் கொடுத்தால்தான் பட்டை தளரும்.

கிரேன்காரர் கேட்டார். மாப்பிள்ளை மேல்தளத்திலிருந்தே குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார். முதல்நாள் மாலைதான் தரைக்குக் கடைசிக் கோட்டிங் அடித்திருந்தார். கண்ணாடி மாதிரி இருந்த அதில் அவர் முகமே தெரிந்தது. அதன்மேல் காலை வைக்க எந்தத் தகப்பனுக்கு மனம் வரும்?

"எல்லாம் காஞ்சிருக்கு," என்றார்.

பட்டை தளர்ந்தது. படகு தண்ணீரில் உட்கார்ந்தது. அவர் கையெடுத்துக் கும்பிட்டார். தங்கை பெட்டியைத் தூக்கிக்கொண்டு, செருப்புக் காலோடு உள்ளே இறங்கினாள். மாப்பிள்ளை நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

உள்ளேயிருந்து அவள் குரல் நிதானமாக வந்தது. "ஏங்க, உங்க வார்னிஷ் மேல தண்ணி நிக்குது. இன்னும் நல்லாத்தான் மின்னுது."

நடந்தது இதுதான். சமையல் தொட்டித் தண்ணீர் கடலுக்கு வெளியேற, படகின் அடியில் இருக்கும் பித்தளை வால்வைப் பளபளப்பாக்க அதன் ஹோஸைக் கழற்றியிருக்கிறார். தேய்த்து முடித்து, கைப்பிடி குழாயோடு நேராக நின்றால் அழகு என்று திருப்பி வைத்திருக்கிறார். நேராக இருந்தால் வால்வு திறந்திருக்கிறது என்று அர்த்தம். ஹோஸை மாட்ட மறந்து, மேலே பலகையைப் போட்டு வார்னிஷும் அடித்தாயிற்று. அவர் அழகுபடுத்திய ஓட்டை வழியாகக் கடல் மரியாதையாக உள்ளே வந்துகொண்டிருந்தது.

நான் இறங்குவதற்குள் தங்கை பலகையைப் பெயர்த்து, கைவிட்டு வால்வை மூடிவிட்டாள். குழாய் மூடத் தெரியாமலா இத்தனை வருடம் குடும்பம் நடத்தினாள்? ஹோஸை நானே மாட்டி இரண்டு கிளிப் போட்டு முறுக்கினேன். நான் முறுக்கினது இதுவரை கழன்றதில்லை.

நான் மேலே வந்தபோது மாப்பிள்ளை கரைக்குத் தாவி, கிரேன்காரரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். தூக்கிவிடுங்கள், பலகையெல்லாம் வெளுத்துவிடும், முதலிலிருந்து தேய்க்க வேண்டும் என்று. பிறகு என்னிடம் வந்தார். "ஒரு மாசம் போதும் மச்சான். புதுசு மாதிரி ஆக்கிடுவேன்."

நான் வாயைத் திறக்குமுன் தங்கை படிக்கட்டில் தலையை நீட்டினாள். முழங்கால்வரை நனைந்திருந்தாள்.

"அண்ணா, பட்டைய உருவச் சொல்லு."

"தரை போச்சேம்மா," என்றார் அவர்.

"தரைய நான் மிதிச்சுக்கறேன். திரும்பத் தூக்கினா, இந்தப் பெட்டிய நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது? அதச் சொல்லுங்க, தூக்கலாம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தண்ணீர் இறைக்கும் கைப்பம்ப்பை அவள் அவர் பக்கம் நீட்டினாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, காற்சட்டையைச் சுருட்டி, தான் பூசிய தரையில் முதன்முதலாகக் கால் வைத்தார். உள்ளங்கால் ஒட்டிக்கொண்டு பிரிகிற சத்தம் எனக்கு மேலே கேட்டது. நான் கையைக் காட்டினேன். கிரேன்காரர் பட்டையை உருவினார்.

அந்த வாரமே கிளம்பிப் போனார்கள். அடுத்த துறைமுகத்திலிருந்து மாப்பிள்ளை போன் செய்தார். பயணம் எப்படி என்று கேட்டேன். பயணத்தை விட்டுவிட்டு, அங்கே வெயில் நன்றாக அடிக்கிறது, தேய்த்தால் சீக்கிரம் காயும், ஒரு பதினைந்து நாள் நின்று போகலாமென்று பார்க்கிறேன் என்றார்.

போன் கை மாறியது.

"அண்ணா, நாளைக்குக் காத்து நல்லா இருக்காம். நான் கிளம்பறேன். இவருக்கு வேலை இருந்தா முடிச்சுட்டு, பஸ் புடிச்சு வந்து சேரட்டும்."