இரண்டு துளை தள்ளி

அம்பிளிபயரின் பின்பக்கத்தை நான் முதன்முதலாகப் பார்த்தது போன மாதம்தான். ஐம்பது வயது தாண்டிய நான், சுவருக்கும் அலுமாரிக்கும் இடையே ஒரு தோளை நுழைத்து, கைத்தொலைபேசி வெளிச்சத்தில் ஒட்டடையை வழித்துக்கொண்டு நின்றேன். யாழ்ப்பாணத்தில், எங்கள் உடுவில் வீட்டில் அந்தப் பக்கம் போகும் உரிமை பெரியண்ணைக்கு மட்டுமே இருந்தது. பியூஸ் போனாலும், கிணற்று மோட்டர் நின்றாலும், அவர் வேலை முடிந்து வரும்வரை மற்றவர்கள் கைவைக்கக் கூடாது. வைத்தால், “உனக்கென்ன தெரியும், விடு” என்பார். அந்த “விடு”வைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவள் நான்.

போன மாதம் அவருக்குக் கண்புரை எடுத்து, கறுப்புக் கண்ணாடியோடு சாய்மனைக் கதிரையில் இருத்தியிருந்தோம். பேப்பர் வாசிக்கக் கூடாது, குனியக் கூடாது. இரண்டு நாளிலேயே அலுப்புத் தட்டிவிட்டது. எப்போதோ கட்டி அலுமாரிக்கு மேலே போட்ட சீடி பிளேயரை எடுத்து அம்பிளிபயரோடு பூட்டச் சொன்னார். கதிரையில் இருந்தபடியே கட்டளை வேறு.

“சிவப்பைச் சிவப்புக்குக் குத்து, வெள்ளையை வெள்ளைக்குக் குத்து. முந்தி இருந்த ஓட்டையிலையே குத்து, இடம் மாத்தாதை.”

“இஞ்சை ஏழெட்டுச் சிவப்பு இருக்கு அண்ணை. எது முந்தி இருந்தது?”

“ரெக்கோட் பிளேயர் இருந்த இடம். ஓரத்திலை பார்.”

குத்தினேன். கையில் அகப்பட்ட ஒரு சீடியைப் போட்டேன். இரண்டு ஸ்பீக்கரும் கிழிந்ததுபோலக் கத்தின. “நான் அப்பவே சொன்னனான், உந்தப் பெட்டி உதவாது எண்டு” என்றார். கழற்றினேன், துடைத்தேன், திரும்பக் குத்தினேன். மூன்று தரம் செய்தும் அதே கரகரப்பு. வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியது. கடைசியில், வந்த எரிச்சலில், பின்பக்கத்தைப் படமெடுத்து மருதனார்மடத்தில் ரேடியோ திருத்துபவருக்கு அனுப்பினேன். அவர் உடனே அழைத்தார்.

“அக்கா, நீங்கள் குத்தினது ஃபோனோ எண்டு எழுதினதிலை. அது ரெக்கோட் பிளேயருக்கு மட்டும். ரெக்கோட்டிலையிருந்து வாற சத்தம் சரியான சின்னன், அதாலை அந்த ஓட்டை அதைப் பலமடங்கு பெருக்கும். சீடியின்ரை சத்தம் ஏற்கெனவே பெரிசு. அதிலை குத்தினால் எந்தக் குரலும் உடைஞ்சுதான் கேக்கும். ரெண்டு ஓட்டை தள்ளி, ஓக்ஸ் எண்டதிலை குத்துங்கோ.”

எந்தக் குரலும் என்றார்.

போர்நிறுத்தத்தில் கொழும்புப் பாதை திறந்திருந்த அந்தக் கொஞ்சக் காலத்தில், எங்கள் தேவாலயப் பாடகர் குழு கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு ஒரு சீடி வெளியிட நினைத்தது. அதில் ஒரு கீர்த்தனையைத் தனியாகப் பாட என்னைத் தெரிவுசெய்தார்கள். எனக்கு அப்போது முப்பது நடந்துகொண்டிருந்தது. ஒலிப்பதிவு செய்தவர் என் பாட்டை மட்டும் ஒரு சீடியில் போட்டுத் தந்தார். அதே வாரம்தான் சின்னண்ணை கனடாவிலிருந்து அனுப்பிய இந்தச் சீடி பிளேயரும் வந்து சேர்ந்தது. பெரியண்ணை, அதுவரை இசைத்தட்டுப் போட்டுக் கேட்ட ரெக்கோட் பிளேயரின் வயரைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் இதைப் பூட்டினார். ஒரு தட்டு பாடிய இடத்தில்தானே மற்றத் தட்டும் பாடவேண்டும் என்பது அவருடைய எண்ணம். எங்கள் வீட்டில் முதன்முதல் சுழன்ற சீடி என்னுடையது.

குரல் உடைந்து உடைந்து வந்தது. அவர் இடையில் நிறுத்தாமல் முழுவதையும் கேட்டார். பிறகு மிகவும் அன்பாகத்தான் சொன்னார்: “தங்கச்சி, கூட்டத்தோடை பாடேக்கை தெரியேல்லை. தனியக் கேட்டால் குரல் உடையுது. உன்னைப் பார்த்து ஊர் சிரிக்க நான் விடமாட்டன்.” அடுத்த நாளே சைக்கிளில் போய், பாட்டை எடுத்துவிடும்படி பாடகர் குழுத் தலைவரிடம் சொன்னார். “நல்லாய்த்தானே வந்திருக்கு” என்று தலைவர் இரண்டு தரம் சொன்னாராம். அண்ணை அதை முகத்துக்காகச் சொன்ன பேச்சு என்று எடுத்துக்கொண்டார். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அந்த நத்தாருக்குப் பின்வரிசைக்குப் போனேன். அடுத்த வருடம் வாயை மட்டும் அசைத்தேன். பிறகு பாடகர் குழுவுக்கே போகவில்லை.

எனக்கு வயிறு எரிகிற விஷயம் வேறொன்று. பிறகு வாங்கிய சீடிகளும் எங்கள் வீட்டில் அப்படியேதான் கத்தின. பேர்போன பாடகர்களுக்கெல்லாம் குரல் உடைந்தது. அப்போது அண்ணை, “பெட்டி சரியில்லை” என்று சொல்லிப் பிளேயரைக் கட்டி அலுமாரிக்கு மேலே ஏற்றினார். அவர்களுடைய குரல் உடைந்தால் பெட்டி பிழை, என்னுடையது உடைந்தால் குரல் பிழை! பெட்டி பிழை என்று கண்ட அன்றாவது, இவளுடைய பாட்டை வேறெங்காவது போட்டுப் பார்ப்போம் என்று அவருக்குத் தோன்றியிருக்கக் கூடாதா? அவரை விடுங்கள், எனக்கே தோன்றவில்லையே. எத்தனையோ கணினிகள் இந்த வீட்டுக்கு வந்து போயின. இருபது வருடத்துக்கு மேலாக அந்தச் சீடியைச் சேலைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டு, ஒருநாள்கூட எடுத்துப் போட்டுப் பார்க்காமல் இருந்திருக்கிறேன். அவர் மீது வந்த கோபத்தை விட என் மீது வந்த கோபம்தான் பெரிது.

வயரை இரண்டு துளை தள்ளிக் குத்தினேன். அறைக்குள் போய் அந்தச் சீடியை எடுத்து வந்து போட்டேன். பாட்டுத் தொடங்கியது. ஒரு கரகரப்பும் இல்லை. மூன்றாவது சரணத்தில் மூச்சு கொஞ்சம் முந்திவிட்டது, அதுவும் தெளிவாகக் கேட்டது. மற்றபடி அந்தப் பெண் நன்றாகவே பாடினாள். இனி எதற்கும் பிரயோசனமில்லாத அளவுக்கு நன்றாகப் பாடினாள். அண்ணையிடம் கேட்க வேண்டிய கேள்விகளையெல்லாம் அடுக்கி வைத்துக்கொண்டு அவருக்கு எதிரே போய் நின்றேன்.

பாட்டு முடிந்ததும் அவர்தான் முதலில் வாய் திறந்தார்.

“ஆர் உந்தப் பிள்ளை? என்ன வடிவாய்ப் பாடுது!”

“நான்தான் அண்ணை.”

கறுப்புக் கண்ணாடி என் பக்கம் திரும்பியது. அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார்.

“நீயோ? நீதான் பாடுறேல்லையே.”