யோசித்துச் சொல்வதாகச் சொன்ன மூதாட்டி

பேராசிரியரைப் பற்றி நான் கண்டதையும் கேட்டதையும் தவிர வேறெதையும் இங்கே எழுதப்போவதில்லை. பிறர் வாழ்வைக் குறித்து ஒரு வரி எழுதினாலும், உரியவரிடம் படித்துக் காட்டி ஒப்புதல் பெற்ற பின்னரே அச்சுக்குத் தந்தவர் அவர். அவரைப் பற்றி ஊகித்து எழுதுதல் தகாது.

சிங்காநல்லூர் அச்சகமொன்றில் நான் மெய்ப்புத் திருத்துபவனாக இருந்தேன். அன்று மேசைமேல் அவருடைய நூலின் இறுதிப் படிகள். அவற்றின்மேல் அவருடைய கைப்பேசி. அது ஒலிக்குமா என்று அவரும் நானும் அச்சக உரிமையாளரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பஞ்சாலைத் தொழிலாளியின் மகளான பேராசிரியர், ஜப்பானிய மொழி கற்று, அந்நாட்டுக் கடலோர ஊரொன்றில் ஆலைக்கழிவு மீனிலும் மனிதரிலும் ஏறிய வரலாற்றைத் தம் பணிக்காலம் முழுதும் ஆராய்ந்தவர். நூலின் உயிர் அவ்வூர் மூதாட்டி ஒருவர் சொன்ன செய்தி. மகளின் திருமணம் நின்றுவிடுமோ என்றஞ்சி, மகனுக்கு வந்த அந்த நோயை ஊரறியாமல் அவர் மறைத்துவைத்திருந்தார். முந்திய வாரம் பேராசிரியர் அந்த இயலைத் தொலைபேசியில் ஜப்பானிய மொழியிலேயே அவருக்குப் படித்துக் காட்டினார். மூதாட்டி முழுதும் கேட்டார். பிறகு, "யோசித்துச் சொல்கிறேன்" என்றாராம். அதன்பின் அழைத்தபோதெல்லாம் மணி அடித்து ஓய்ந்தது.

உரிமையாளர் பொறுமையிழந்தார். "ஏனுங்க மேடம், ஜப்பான்ல ஆருங்க தமிழ்ப் பொஸ்தகம் படிக்கப் போறாங்க? யோசிக்கறேன்னுதானுங்க சொன்னாங்க, வேண்டாம்னு சொல்லலீங்களே. மிசினு சும்மா நிக்குதுங்க."

"உங்க பையனுக்கு அன்னூர்ல பொண்ணு கேட்டுப் போனீங்களே, அவங்க என்னங்க சொன்னாங்க?" என்று கேட்டார் பேராசிரியர்.

"யோசிச்சுச் சொல்றமுங்கன்னாங்க."

"உடனே மண்டபம் புடிச்சுட்டீங்களா?"

"நல்லாப் புடிச்சீங்க போங்க!" என்று சிரித்தவர், சிரிப்பின் நடுவிலேயே மேசைமேலிருந்த கைப்பேசியைப் பார்த்தார்.

"அந்த ஊரும் நம்மூரு மாதிரித்தானுங்க. மூஞ்சிக்கு நேரா மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க," என்றார் பேராசிரியர். மீண்டும் ஒருமுறை அழைத்தார். மணி அடித்து ஓய்ந்தது. "அந்த இயலை எடுத்துருங்க."

அது இல்லாவிட்டால் நூலில் என்ன மிஞ்சும் என்று கேட்டுவிட்டேன். அவர் அந்த இயலின் தாள்களை உருவித் தனியே வைத்தார்.

"மிஞ்சறது மிஞ்சட்டுங்க. அவங்க பேத்திக்கு இன்னும் கல்யாணமாகல."

நூல் அந்த இயலின்றியே வெளிவந்தது. புள்ளிவிவரம் உண்டு, மனிதர் இல்லை என்றனர் மதிப்புரையாளர். அவர் எவருக்கும் விடை சொல்லவில்லை. அதன்பின் வேறு நூலும் எழுதவில்லை. ஆனால் அறிமுகமில்லாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால், வகுப்பின் நடுவிலும் பதறி எடுப்பார் என்பதை அவர் மாணவியர் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர் மறைந்து இது இரண்டாம் ஆண்டு.

அந்த மூதாட்டி மறுத்தாரா, மெய்யாகவே யோசித்துக்கொண்டிருந்தாரா என்பது பேராசிரியருக்குக் கடைசிவரை தெரியவில்லை. எனக்கும் தெரியாது.